வலி தெரியாத விரல்கள்

மனித நரம்பு மண்டலத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. மண்டையோட்டுக்குள் மூளை, முதுகெலும்புக்குள் தண்டுவடம்: இவை மைய நரம்பு மண்டலம். மூளையிலிருந்து 12 ஜோடி, தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி என்று கிளம்பி உடலெங்கும் கிளைவிடுபவை புற நரம்புகள். ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் உள்ளன. எல்லோரும் வியப்பது அதைத்தான். ஆனால் எலும்புக் கவசம் இல்லாமல் கையிலும் காலிலும் ஓடும் புற நரம்புகள் அறுந்தாலோ அழிந்தாலோ, மூளைக்குச் சேதியும் வராது, அதன் கட்டளையும் போய்ச்சேராது.

முழங்கையின் உட்புறத்தை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுர்ரென்று இழுக்கும். அந்த இடத்தில் தோலுக்கு அடியிலேயே ஓடுவது அல்நார் நரம்பு. ஒரு நரம்பு என்பது ஆயிரக்கணக்கான இழைகளின் கட்டு. தொடுதல், சூடு, வலி ஆகியவற்றை மேலே கொண்டுபோகும் இழைகள், தசையை இயக்கும் இழைகள், வியர்வைச் சுரப்பியை நடத்தும் இழைகள் எல்லாம் அதற்குள் அடக்கம். மயலின் உறை போர்த்திய பருத்த இழைகளில் சேதி நொடிக்குப் பல பத்து மீட்டர் பாயும். உறையில்லாத மெல்லிய வலி இழைகளில் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். கால்விரல் கல்லில் மோதியதும் இடிபட்டது முதலில் தெரிவதும், 'விண்விண்' என்ற வலி பின்னால் வருவதும் அதனால்தான்.

எந்த இழைக்கு என்ன வேலை என்பதைத் தொழுநோய் கொடூரமாகவே காட்டிக்கொடுத்தது. மலேசியாவில், கோலா குபு பாருவிலிருந்து ரவாங் வழியாகத் தெற்கே போகும் ரயில் பாதையில் இருக்கிறது சுங்கை பூலோ. தொழுநோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்துவைக்கும் சட்டம் அங்கே 1926-இல் வந்தது. 1930-இல் சுங்கை பூலோவில் அவர்களுக்கான குடியிருப்பு திறக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய தொழுநோய்க் குடியிருப்புகளில் அதுவும் ஒன்றாக இருந்தது. உள்ளே இருந்தவர்களில் இந்தியர்களும் உண்டு.

இந்நோயின் கிருமி, நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களுக்குள் குடியேறுகிறது. குளிர்ச்சியான இடம்தான் அதற்குப் பிடிக்கும்; ஆகவே தோலை ஒட்டி ஓடும் நரம்புகளே முதலில் மாட்டும். அல்நார் நரம்பு கெட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிக்கொள்ளும். முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமாக ஓடும் நரம்பு கெட்டால் பாதம் தொங்கும். முக நரம்பு கெட்டால் கண் மூடாது. வியர்வை இழைகள் அழிந்தால் தோல் காய்ந்து வெடிக்கும்.

விரல்கள் தாமாக அழுகி விழுவதாகவே நெடுங்காலம் நம்பப்பட்டது. கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பணியாற்றியபோது அது தவறென்று கண்டார். சுடுபாத்திரத்தைப் பிடித்தாலும், முள் குத்தினாலும் வலி தெரியாததால் புண் மேல் புண்ணாகி விரல் தேய்ந்தது. வலி இருந்தால் கை தானே பின்வாங்கும். அந்தக் கட்டளை மூளைவரை போகாமல் தண்டுவடத்திலேயே பிறக்கிறது.

நோய்க்கு டாப்சோன் என்ற மருந்து கிடைத்தது. ஆனால் அந்த மருந்தைக் கிருமி எதிர்த்து நிற்கிறது என்பது 1964-இல் சுங்கை பூலோ நோயாளிகளிடம்தான் நிரூபணமானது. பின்னர் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து வந்தது. ஆனால் கிருமி ஒழிந்தாலும், முற்றிலும் செத்த நரம்பு திரும்புவதில்லை. பிராண்ட் அதற்கு வேறு வழி கண்டார். மணிக்கட்டை அசைக்கும் ஆரோக்கியமான தசையின் நாணை நீட்டி, விரல்களோடு இணைத்தார். மணிக்கட்டுக்காக அனுப்பிய கட்டளையை இனி விரலுக்காக அனுப்ப மூளை பழக வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் பயிற்சி தேவைப்பட்டது. விரல் நிமிர்ந்தது, உணர்ச்சி மட்டும் வரவில்லை. அந்தக் கையில் காயம் உண்டா என்று தினமும் கண்ணால்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.