விண்வெளி நிலையத்துக்கு எர்த் எங்கே?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர், கேபினெட்டைத் தொட்டால் 'சுர்'ரென்று ஷாக் அடிக்கிறது என்பார்கள். பிளக் பாயின்ட்டில் மூன்றாவது துளை இருக்கும். அதன் பின்னால் எர்த் ஒயர் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் (இதைத் தள்ளிப்போடாதீர்கள்).

சுமார் 400 கி.மீ. உயரத்தில் பூமியைச் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கும் இதே போன்ற பிரச்சினை உண்டு. ஆனால் அங்கே கம்பி புதைக்க மண் ஏது?

அந்த உயரத்தை வெற்றிடம் என்று நினைக்கிறோம். உண்மையில் சூரியக் கதிர்களால் உடைந்த அணுக்கள், எலக்ட்ரான்களாகவும் அயனிகளாகவும் அங்கே பரவியுள்ளன. இந்தக் கலவைதான் பிளாஸ்மா. எலக்ட்ரான்கள் மிக வேகமானவை. கனமான அயனிகளால் மணிக்கு 28,000 கி.மீ. வேகத்தில் பாயும் நிலையத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. அதனால் படகுக்குப் பின்னால் தண்ணீர் பிளந்து நிற்பதுபோல, நிலையத்தின் பின்புறம் அயனிகள் குறைந்த ஒரு தடம் உண்டாகிறது.

தொல்லை தருபவை சோலார் பேனல்கள். இவை 160 வோல்ட்டில் இயங்குகின்றன. இவற்றின் நெகட்டிவ் முனை, நிலையத்தின் உலோக உடலோடு இணைக்கப்பட்டுள்ளது. பாசிட்டிவ் பக்கம் எலக்ட்ரான்களை இழுத்துச் சேர்க்கச் சேர்க்க, நிலையத்தின் உடல் நெகட்டிவாக மாறுகிறது. இது மைனஸ் 140 வோல்ட் வரை போகலாம் என்று முதலில் கணக்கிட்டார்கள்.

நம் வீட்டு 230 வோல்ட்டுக்கு முன் இது என்ன பிரமாதம் என்று தோன்றும். ஆனால் நிலையத்தின் வெளித்தகடு, மெல்லிய ஆனோடைஸ் பூச்சு கொண்ட அலுமினியம். வீட்டு ஜன்னல் ஃபிரேம்களில் பார்த்திருப்பீர்களே, அதே வகைதான். பூச்சு தாங்காமல் உடைந்தால் தீப்பொறி பறக்கும். வெளியே நின்று வேலை பார்ப்பவரின் விண்வெளி உடையில் உலோகப் பாகங்கள் உண்டு; உள்ளே வியர்வையில் நனைந்த உடல். மின்சாரம் அவர் வழியாகப் பாய்ந்துவிடலாம் என்பதுதான் நாசாவின் பெரிய கவலை.

எனவே 2000-ம் ஆண்டு அக்டோபரில் இரண்டு கருவிகளை அனுப்பினார்கள். இவை ஜெனான் வாயுவைப் பிளாஸ்மாவாக்கி வெளியே விடுகின்றன. அந்த வழியே மிகுதியான எலக்ட்ரான்கள் வெளியேறுகின்றன. மண் இல்லாத இடத்தில் நிலையம் தானே ஒரு மின் மேகத்தை உண்டாக்கி, அதையே எர்த்தாக வைத்துக்கொள்கிறது! என்னைக் கேட்டால், நிலையத்தின் மிக அழகான யோசனை இதுதான். பிறகு அளந்து பார்த்தபோது, மின்னேற்றம் பயந்த அளவு இல்லை என்றும் தெரிந்தது.

ஆனால் இன்னொரு தொல்லை மீதி இருக்கிறது. சுமார் 109 மீட்டர் நீளமுள்ள நிலையம் பூமியின் காந்தப்புலத்தை வெட்டிக்கொண்டு ஓடுவதால், சைக்கிள் டைனமோவைப் போல அதன் இரு முனைகளுக்கு இடையே வோல்டேஜ் வித்தியாசம் தோன்றுகிறது. ஜெனான் கருவிகள் இருப்பது நடுப்பகுதியில். அந்த இடத்தைச் சமன் செய்தாலும் முனைகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் போகாது. அதனால் வெளியே போகிறவர் எந்த முனையில் வேலை செய்யப்போகிறார் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.