நிலம் ஆடும் நாட்டில் ஒரு பங்குக் கோயில்

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், இலோகோஸ் நோர்டே மாகாணத்தில் இருக்கிறது பாவாய். அங்குள்ள புனித அகுஸ்தினார் பங்குக் கோயிலில் முதலில் கண்ணை இழுப்பவை முட்டுச்சுவர்கள்தான். பக்கங்களிலும் பின்புறமுமாக மொத்தம் 24. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.67 மீட்டர் கனம்; ஓரமெல்லாம் சுருள் சுருளாக வேலைப்பாடு. முன்பக்கத்தைவிட இந்தப் பக்கவாட்டுத் தோற்றம்தான் அழகு என்பேன்.

அகுஸ்தினார் சபைத் துறவிகள் 1694இல் தொடங்கிய வேலை 1710இல் முடிந்தது. கோயில் பரோக் பாணியில் அமைந்தது; அந்தப் பாணிக்கு உயரமும் பகட்டும் பிடிக்கும். ஆனால் 1645 நிலநடுக்கத்தில் மணிலாவின் கோயில்கள் பல மண்ணோடு மண்ணாகியிருந்தன. அதனால் பாவாயில் உயரத்தைக் குறைத்து, கனத்தைக் கூட்டினார்கள்.

கல்லும் செங்கல்லும் மேலிருந்து அழுத்தும் பாரத்தை அசையாமல் தாங்கும், இழுத்தால் தாங்காது. நிலம் பக்கவாட்டில் ஆடும்போது நீளமான சுவர் வெளிப்பக்கம் வளையும். அப்போது சுவரின் ஒரு முகத்தில் இழுவிசை ஏறி, சாந்து பிளக்கும். சுவர் சரிந்தால் கூரைக்குப் பிடிமானம் போய்விடும். முட்டுச்சுவர்கள் அந்த நீளத்தை இடையிடையே இறுக்கிப் பிடிக்கின்றன. அடி அகன்றிருப்பதால், வெளியே தள்ளும் விசையும் தரைக்குள் இறங்கிவிடுகிறது. பக்கவாட்டில் சில, படிக்கட்டு வடிவில் இருக்கின்றன. கூரையைப் பழுதுபார்க்க ஏறும் வழி அது என்கிறார்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் பவளப்பாறையிலிருந்து வெட்டிய கல், மேலே செங்கல். சுண்ணாம்புச் சாந்தில் கரும்புச் சாறும் மாவிலையும் தோலும் வைக்கோலும் சேர்த்துக் காய்ச்சினார்கள் என்பது ஊர்ப்பேச்சு.

மணிக்கூண்டு கோயிலோடு ஒட்டவில்லை. சற்றுத் தள்ளித் தனியே நிற்கிறது. உயரமும் கனமும் வேறான இரண்டு கட்டடங்கள் நிலநடுக்கத்தில் ஒரே சீராக ஆடா. ஒட்டிக் கட்டினால் ஒன்றோடொன்று மோதும். கோபுரம் விழுந்தால் கூரையும் போகும். மணிலாவின் புனித அகுஸ்தினார் கோயில் முகப்பில் ஒட்டியிருந்த இரட்டைக் கோபுரங்களில் இடதுபக்கத்தது நிலநடுக்கங்களில் சிதைந்து, பிறகு இடிக்கப்பட்டது. இரண்டு கோயில்களும் 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

பாவாய் மணிக்கு அந்தக் காலத்தில் ஊர் அந்தஸ்தும் தெரிந்திருந்தது: பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால் கூடுதல் சத்தத்தோடு, கூடுதல் தடவை அடிக்குமாம். இரண்டாம் உலகப்போரில் கெரில்லாப் படையினர் இந்தக் கூண்டில் ஏறித்தான் எதிரியின் நடமாட்டத்தைக் கண்காணித்தார்கள்.