வங்கியாளரை மிஞ்சிய இடையர்கள்

பணம் கொடுத்தவர் ஓரத்தில், ஏழைகள் நடுவில்: 15ஆம் நூற்றாண்டு ஃப்ளெமிஷ் ஓவியம் ஒன்றின் விசித்திரக் கதை

1483 மே 28. இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகர வாயிலில் ஒரு பெரும் சுமை வந்து இறங்கியது. வடக்கே ஃப்ளாண்டர்ஸிலிருந்து கப்பலேறி, சிசிலி வழியாக பைசாவை அடைந்து, ஆர்னோ நதியில் படகில் வந்த சரக்கு அது. சாண்டா மரியா நுவோவா மருத்துவமனையின் தேவாலயத்துக்கு அதைத் தூக்கிச் செல்ல 16 கூலிகள் தேவைப்பட்டனர். உள்ளே இருந்தது இயேசு பிறப்பைச் சித்தரிக்கும் மூன்று பலகை எண்ணெய் வண்ண ஓவியம். திறந்து வைத்தால் அகலம் ஏறக்குறைய 6 மீட்டர்.

வரைந்த ஹ்யூகோ வான் டெர் கூஸ் அந்த ஊர்வலத்தைப் பார்க்கவில்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

வரையச் சொன்னவர் டொமாசோ போர்ட்டினாரி, மெடிசி வங்கியின் புரூஜ் கிளை மேலாளர். அந்த மருத்துவமனையை 1288இல் நிறுவியது அவரது மூதாதையர். சொந்த ஊரில் குடும்பப் பெயரை நிலைநாட்ட வங்கியாளருக்கு இதைவிட நல்ல இடம் ஏது? அவரும் இரு மகன்களும் இடது பலகையில், மனைவியும் மகளும் வலது பலகையில் மண்டியிட்டிருக்கிறார்கள். பின்னால் புனிதர்கள் ராட்சத உருவத்தில் நிற்க, செல்வக் குடும்பம் பொம்மைகளைப் போலச் சிறுத்துப்போயிருக்கிறது.

பார்வையைப் பறிப்பவர்கள் நடுப் பலகையில் இருக்கிறார்கள். வயலிலிருந்து ஓடிவந்த மூன்று இடையர்கள். காய்த்துப்போன கைகள், சவரம் செய்யாத முகம், பிளந்த வாய், பல் இடைவெளி. ஒருவர்கூட அழகில்லை. ஆனால் சுற்றியுள்ள தேவதைகள் சம்பிரதாயமாக வணங்க, நிஜமாக வியப்பவர்கள் இவர்கள்தான். குழந்தைக்குத் தொட்டிலில்லை, வெறும் தரையில் கிடக்கிறது. அருகே ஒரு கோதுமைக் கட்டு. பெத்லகேம் என்றால் 'அப்பத்தின் வீடு' என்று பொருள். இரண்டு பாத்திரங்களில் லில்லி, ஐரிஸ் உள்ளிட்ட மலர்கள். நோயாளிகளின் கோவிலில் துயரத்தையும் நம்பிக்கையையும் சேர்த்துச் சொல்லும் அடையாளங்கள் அவை.

துயரம் ஓவியருக்கும் அந்நியமல்ல. கென்ட் நகர ஓவியர் சங்கத்தின் தலைவராக இருந்தவர், புகழின் உச்சத்தில், 1470களின் பிற்பகுதியில் பிரஸ்ஸல்ஸ் அருகே ஒரு மடத்தில் சேர்ந்தார். அங்கும் தூரிகையை விடவில்லை. பிரபுக்கள் தேடி வந்தனர். பின்னர் ஒரு பயணத்தில் மனம் உடைந்தது. தான் நரகத்துக்கே விதிக்கப்பட்டவன் என்று கதறினார். தன்னையே காயப்படுத்திக்கொள்ள முயன்றார். மடத்துத் தலைவர் இசையால் அவரைத் தேற்றப் பார்த்தார். பயனில்லை. ஏற்றுக்கொண்ட ஓவியங்களை முடிக்க முடியாது என்ற கவலையும் அவரை வாட்டியதாக, உடனிருந்த துறவி காஸ்பர் ஒஃபைஸ் பின்னாளில் எழுதி வைத்தார்.

ஃப்ளாரன்ஸ் ஓவியர்கள் முட்டைக் கருவில் குழைத்த வண்ணத்துக்குப் பழகியவர்கள். எண்ணெயில் குழைத்து, மெல்லிய படலங்களாக அடுக்கிய இந்த ஆழமும் ஒளியும் அவர்களைத் திகைக்க வைத்தன. 1485இல் டொமெனிக்கோ கிர்லாண்டையோ அதே காட்சியை வரைந்தபோது, முரட்டு இடையர்களும் உடன் வந்தனர். அதில் குழந்தையைச் சுட்டிக்காட்டும் இடையருக்கு அவர் தன் முகத்தையே கொடுத்ததாகக் கருதப்படுகிறது. வங்கியாளரின் வேடத்தை அவர் விரும்பவில்லை.

அதில் நியாயம் இருந்தது. பர்கண்டி பிரபு சார்ல்ஸுக்கு போர்ட்டினாரி அள்ளிக்கொடுத்த கடன், 1477இல் பிரபு போரில் மடிந்தபோது மூழ்கியது. மெடிசி குடும்பம் புரூஜ் கிளையைக் கைகழுவியது. 1501இல் போர்ட்டினாரி இறந்தது, தன் மூதாதை கட்டிய அதே மருத்துவமனையில்.

ஓவியத்தில் ஹ்யூகோவின் கையெழுத்து இல்லை. 16ஆம் நூற்றாண்டில் வசாரி எழுதிய ஒரு குறிப்புதான் அவர் பெயரைக் காப்பாற்றியது. 1900இல் உஃபிசி அருங்காட்சியகம் ஓவியத்தை வாங்கியது. அங்கே அதற்கு இன்றும் போர்ட்டினாரியின் பெயர்தான். பார்ப்பவர்களின் கண்களோ நேராக இடையர்களிடம்தான் போகின்றன.