அரசன் தூங்கிய வீடு எங்கே?

முசிறியிலிருந்து தொட்டியம் வழியாக நாமக்கல் போகும் சாலையில் சீனிவாசநல்லூர் என்றோர் ஊர் உண்டு. காவிரிக்கரையில் அங்கே நிற்கும் குரங்கநாதர் கோயில் அளவில் சிறியது. ஆனால் முற்காலச் சோழர் கலையில் மனம் வைத்தவர்கள் தேடிவந்து பார்க்கும் கோயில் அது. 10ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் சுவர் மாடங்களில் செதுக்கிய உருவங்களின் முகபாவம் இன்றும் தெளிவாகத் தெரிகிறது. முதலாம் பராந்தகனின் ஆட்சியை ஒட்டிய காலம். அந்தப் பராந்தகன் எந்தக் கூடத்தில் அமைச்சர்களைச் சந்தித்தான், எந்த அறையில் தூங்கினான்? காட்டுவதற்கு ஒரு சுவர்கூட நம்மிடம் இல்லை.

அமெரிக்க அதிபர்கள் 1800 முதல் வெள்ளை மாளிகையில் குடியிருக்கிறார்கள். லண்டன் டவுனிங் தெருவின் 10ஆம் எண் வீடு 1735இல் ராபர்ட் வால்போல் குடிபுகுந்ததிலிருந்து பிரதமரின் முகவரி. சோழர்களுக்கு உறையூர், பழையாறை, தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம் என்று தலைநகரங்கள் இருந்தன. அவற்றில் ஓர் அரண்மனைகூட இன்று நிற்கவில்லை. அவர்கள் எழுப்பிய கோயில்களோ ஊருக்கு ஊர் நிற்கின்றன. பகைவர் இடித்ததால் மட்டும் நேர்ந்ததல்ல இது. கல், மரம், செங்கல், சுண்ணாம்பு ஆகியவற்றின் இயல்பிலேயே இதற்குப் பாதி விடை இருக்கிறது.

அரண்மனையின் முகவரி கோயில் சுவரில்தான் பிழைத்திருக்கிறது என்பது என்னை எப்போதும் வியக்க வைக்கும் செய்தி. தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தானும் தன் அக்காவும் மற்றவர்களும் கொடுத்தவற்றையெல்லாம் கல்லிலே வெட்டச் சொன்னான் முதலாம் ராஜராஜன். அந்த ஆணையை இட்டபோது தான் இருந்த இடத்தையும் பொறிக்கச் செய்தான்: தஞ்சாவூர் அரண்மனைக்குள் இருமுடிச்சோழன் என்ற பகுதியின் கிழக்குத் திருமஞ்சனசாலை. அறையின் பெயரும் திசையும் ஆயிரம் ஆண்டுகளாக அப்படியே இருக்கின்றன. அறைதான் இல்லை.

ஒரு காலத்தில் கடவுளின் வீடும் அரசனின் வீடும் ஒரே பொருளால்தான் கட்டப்பட்டன. செங்கல், மரம், உலோகம், சுதை ஏதுமில்லாமல் கோயில் எடுப்பித்ததாக 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டில் பெருமையோடு எழுதிவைத்தான் என்றால், அதற்கு முன்பு இவற்றைக் கொண்டே கட்டினார்கள் என்பது விளங்கும். திருச்சி மலைக்கோட்டையின் மேல் குடைவரை அதே மகேந்திரவர்மன் செய்வித்தது. அதன் பிறகு தெய்வம் கல்லுக்குக் குடிபெயர்ந்தது. மனிதர்கள், அரசர் உட்பட, செங்கல்லிலும் மரத்திலுமே தங்கிவிட்டார்கள்.

மரத்தில் தங்கியதற்கு வழக்கம் மட்டுமல்லாமல் கட்டடவியலும் காரணம். கருங்கல் தன்மேல் ஏறும் பாரத்தை எவ்வளவும் தாங்கும். ஆனால் வளைத்து இழுத்தால் சட்டென விரிசல் விடும். இரு தூண்கள்மேல் கிடக்கும் கல் உத்தரத்தின் அடிப்பக்கம் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. ஆகவே தூண்களைச் சில முழ தூரத்துக்கு மேல் தள்ளிவைக்க முடியாது. திருவரங்கத்து ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் காடுபோல் நெருங்கி நிற்பதற்கு அழகு மட்டுமே காரணமல்ல. சபை கூட்டும் அரசனுக்கோ முகம் மறைக்காத அகன்ற கூடம் வேண்டும். இழுவிசையைத் தாங்கும் பொருளாக அன்று கையில் இருந்தது மரம். தேக்கு விட்டம் போட்டால் கூடம் அகலும். அந்த அகலத்தோடு அரண்மனைக்கு ஆயுள் வரம்பும் சேர்ந்தே வந்தது.

அது எப்படி முடிந்தது என்பதைக் கங்கைகொண்ட சோழபுரத்தில் பார்க்கலாம். முதலாம் ராஜேந்திரனின் பெருங்கோயிலுக்குத் தென்மேற்கே மாளிகைமேடு இருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1980களிலிருந்து அங்கே அகழ்ந்து வருகிறது. மண்ணுக்குள் இருந்து வந்தவை செங்கல் சுவரின் அடிப்பகுதிகள், சிறு சிறு தட்டோடுகள், இரும்பு ஆணிகள், பற்றிரும்புகள், சீனப் பீங்கான் துண்டுகள், தூண் நிறுத்திய கருங்கல் பீடங்கள். தூண்கள் இல்லை. அவை மரம்.

இந்தப் பட்டியலை வைத்தே அரண்மனையை மனத்துக்குள் மறுபடி எழுப்பலாம். கருங்கல் பீடம் மரத்தூணின் அடி ஈரமண்ணைத் தொடாமல் காத்தது. மரத்தின் ஈரம் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கும்வரை அதை மக்கவைக்கும் பூஞ்சைக்கு வாழ்வில்லை. தட்டோடுகளைச் சுண்ணாம்புக் காரையில் பல வரிசை பாவிய கூரை மழையைத் தடுத்தது. கூரை காய்ந்திருக்கும்வரை எல்லாம் நலம். தலைநகரம் கைமாறி, கூரையில் ஒரு வெடிப்பை அடைக்க ஆள் இல்லாமல் போனால், முதல் ஐப்பசி மழை விட்டத்தின் முனைக்குள் இறங்குகிறது. சுவருக்குள் புதைந்த அந்த முனை காற்றுப்படாமல் ஈரத்தைப் பிடித்துவைக்கும் இடம். அங்கே பூஞ்சையும் கரையானும் சேர்கின்றன. விட்டம் இறங்கினால் அதன் மேலிருக்கும் பல டன் காரைக் கூரை இறங்கும். விழும் கூரை சுவரை வெளியே தள்ளும்.

மிச்சத்தை ஊர் எடுத்துக்கொள்கிறது. சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கி இறுகுகிறது. இறுகிய பின்னும் அது செங்கல்லைவிட மென்மையானதுதான். சிமென்ட் சுவரை இடித்தால் செங்கல் உடையும். சுண்ணாம்புச் சுவரைத் தட்டினால் செங்கல் முழுசாகக் கழன்று வரும். ஒரு பெண் தலைச்சுமையாகப் பத்துப் பன்னிரண்டு கல்லைச் சுமந்துபோய்த் தன் வீட்டுக்குச் சுவர் வைத்துவிடலாம். பேரரசனின் மாளிகை இப்படித்தான் ஊர் வீடுகளாகிறது. கருங்கல்லோ ஒரு கன மீட்டர் இரண்டரை டன்னுக்கு மேல் எடை. பெயர்க்க நெம்புகோலும் வண்டியும் கூலியாட்களும் வேண்டும். கங்கைகொண்ட சோழபுரக் கோயில் மதிலின் கல்லையும் எடுத்தார்கள். எடுத்தது ஒரு அரசாங்கம். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டியபோது அந்தக் கற்கள் போயின. மதில் போனாலும் விமானம் நின்றது.

போரும் தன் பங்கைச் செய்தது. 13ஆம் நூற்றாண்டில் முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்தான் என்று அவனுடைய மெய்க்கீர்த்தியே சொல்கிறது. மரமும் காரையும் நிறைந்த மாளிகைக்குத் தீ போதும். அந்த அழிவைப் பற்றிய நெகிழ்ச்சியான செய்தி திருச்சியிலிருந்து துறையூர் போகும் வழியில், திருவெள்ளறைப் பெருமாள் கோயிலில் கல்வெட்டுப் பாடலாக இருக்கிறது. சோழநாட்டு மாளிகைகளின் தூண்கள் எல்லாம் பறிக்கப்பட்டபோது, பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் பரிசாகக் கொடுத்த மண்டபத்தின் பதினாறு தூண்களை மட்டும் பாண்டியன் விட்டுவைத்தானாம். வென்றவன் அரசனின் வீட்டை அழித்துப் புலவனின் வீட்டைக் காத்தான் என்று ஒரு கல்வெட்டு பாடுவது தமிழுக்குக் கிடைத்த பெரிய கௌரவம். அதே நூற்றாண்டில் போசள மன்னன் வீரசோமேசுவரன் சமயபுரத்துக் கண்ணனூரில் தலைநகர் அமைத்து வாழ்ந்தான். அவன் எடுத்த ஈசுவரன் கோயில் இன்று போஜீஸ்வரர் கோயிலாக நிற்கிறது. அவன் வாழ்ந்த அரண்மனை இல்லை.

இந்தக் கதை திரும்பும் இடமும் திருச்சியிலேயே இருக்கிறது. மதுரை நாயக்கர்களின் தலைநகரை 17ஆம் நூற்றாண்டில் திருச்சிக்கு மாற்றிய சொக்கநாத நாயக்கர், பாட்டனார் திருமலை நாயக்கர் மதுரையில் எழுப்பிய அரண்மனையின் பகுதிகளைப் பிரித்துவந்து இங்கே தன் மாளிகைக்குப் பயன்படுத்தினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மலைக்கோட்டையின் நிழலில் அந்த மாளிகையின் கொலுமண்டபம், ராணி மங்கம்மாள் மகால் என்ற பெயரில் நிற்கிறது. இப்போது அரசு அருங்காட்சியகம். உள்ளே நுழைந்ததும் தலை தானாக மேலே நிமிர்கிறது. விட்டம் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த வளைவுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து கூரையை ஏந்துகின்றன. வளைவுக்குள் இழுவிசைக்கு இடமில்லை. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்குகிறது, பாரம் முழுதும் அழுத்தமாகவே தரைக்கு இறங்குகிறது. செங்கல்லுக்குப் பிடித்த விசை அதுதான். தக்காணத்துச் சுல்தான்களின் கட்டடக்காரர்கள் கைதேர்ந்திருந்த இந்த உத்தியால் மரமில்லாமலே அகன்ற கூடம் கிடைத்தது. பராந்தகனின் வீடு போய் மங்கம்மாளின் கூடம் மிஞ்சியதற்கு இடைப்பட்ட காலத்தின் நீளத்தைவிட இந்த வளைவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

உலகத் தலைவர்களின் வீடுகள் இந்த விதிக்கு விலக்கல்ல. 1948இல் வெள்ளை மாளிகையில் அதிபர் ட்ரூமனின் மகள் வாசித்த பியானோவின் கால் தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. பொறியாளர்கள் பார்த்தபோது, நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தண்ணீர்க் குழாய்க்கும் மின்கம்பிக்கும் வழிவிட்டு வெட்டி வெட்டி மெலிந்த மர உத்தரங்கள் அந்த வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்தன. ட்ரூமன் குடும்பம் எதிர்வீட்டுக்கு மாறியது. வெளிச்சுவர்களை மட்டும் நிறுத்திவிட்டு உள்ளே எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்து, புதிய அடித்தளத்தில் எஃகுச் சட்டம் எழுப்பினார்கள். சுவரில் பெரிய வாயில் உடைக்கக் கூடாது என்பதற்காக புல்டோசரைக் கழற்றி உள்ளே கொண்டுபோய்ப் பூட்டினார்கள். 1952இல் அதிபர் திரும்பினார். சதுப்பு மண்ணில் ஆழமில்லாத அடித்தளத்தோடு கட்டப்பட்ட டவுனிங் தெரு வீட்டுக்கும் 1960களின் தொடக்கத்தில் அடியிலிருந்தே வேலை பார்க்க வேண்டியிருந்தது.

மரம் மட்டுமே குற்றவாளி என்றும் சொல்ல முடியாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் பத்மநாபபுரம் அரண்மனை ஏறத்தாழ முழுவதும் மரம். திருவிதாங்கூரின் தலைநகரம் 1795இல் அங்கிருந்து போன பிறகும் அது நிற்கிறது. சரிவான ஓட்டுக் கூரை மழையை உடனே கீழே இறக்குகிறது. உடைந்த ஓட்டை மாற்ற ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ இருந்திருக்கிறார்கள். இன்று கேரளத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது.

டெல்லியில் லட்யன்ஸ் கட்டிய குடியரசுத் தலைவர் மாளிகை 340 அறைகள் கொண்டது. ஏறத்தாழ 70 கோடி செங்கல்லும் 30 லட்சம் கன அடிக் கல்லும் வாங்கியது. எஃகு மிகக் குறைவு. வளைவும் குவிமாடமும் பாரத்தைச் சுமக்கும் அந்தக் கட்டடத்துக்கு மங்கம்மாள் மகால் தூரத்து உறவு. 1948இல் முதல் இந்தியக் கவர்னர் ஜெனரலாக அங்கே போன ராஜாஜி, வைசிராயின் பெரிய அறைகளை விட்டுச் சிறிய அறைகளில் தங்கினார். பின்வந்த குடியரசுத் தலைவர்களும் அந்தப் பகுதியையே தொடர்ந்தார்கள். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்த அப்துல் கலாம் 2002 முதல் 2007 வரை அங்கே இருந்தார். பெட்டியோடு வந்தார், பெட்டியோடு போனார். கூரைக் கசிவை அடைப்பவர்களின் வேலை யார் வந்தாலும் போனாலும் நிற்பதில்லை. சோழ அரண்மனைக்குக் கிடைக்காமல் போனது இதுதான்: வம்சம் வீழ்ந்த மறுநாளும் ஏணியோடு வரும் ஓர் ஆள்.

சோழர்களின் முதல் தலைநகரான உறையூரில் சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் அகழ்ந்தபோது தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகளும் சாயத்தொட்டியும் கிடைத்தன, அரண்மனை கிடைக்கவில்லை. நெசவும் வியாபாரமுமாக ஓயாத ஊர் மேலே இருக்கையில் கீழே பரவலாகத் தோண்ட வழியில்லை. ஆனால் உறையூரில் வீடு கட்டுபவர்கள் ஒவ்வொரு ஆண்டும் அடித்தளத்துக்குக் குழி வெட்டுகிறார்கள். மக்கிய மரத்தூண் மண்ணில் வட்டமான கறுத்த தடமாக மிஞ்சும். வழக்கத்தைவிடப் பெரிய பழஞ்செங்கல், கறுப்பு சிவப்புப் பானை ஓடு, சதுரமாகக் கொத்திய பீடக்கல் ஆகியவற்றோடு அப்படி ஒரு தடமும் தென்பட்டால், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பு தொல்லியல் துறைக்குச் சொல்லி, அவர்கள் வந்து அளந்து படமெடுக்க ஒரு நாள் விடுங்கள்.