மூக்கை அளந்து ஜாதி பார்த்த கதை

துணிக்கடையில் நாற்பது வருஷமாக டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்பவன் நான். அளவு என்றால் எனக்குத் தனி மரியாதை. ஆனால் அளவுகோலை வைத்தே மனிதனை மட்டம் தட்டிய காலமும் நம் நாட்டில் இருந்தது. நம் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். காலிப்பர் என்னும் இடுக்கி போன்ற கருவியால் மக்களின் தலை நீளம், தலை அகலம், மூக்கு எல்லாவற்றையும் அளந்து குறித்தார். ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்திய ஜாதிகள், பழங்குடிகள் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார்.

மூக்குக் கணக்கு இதுதான்: அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். உயரம் 50 மில்லிமீட்டர், அகலம் 35 என்றால் விடை 70. எழுபதுக்குக் கீழே கூர்மூக்கு, 85-க்கு மேலே அகன்ற மூக்கு, இடைப்பட்டது நடுத்தரம். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி இன்னும் ஒரு படி போனார். மூக்கு அகலமாக ஆக ஜாதி அந்தஸ்து குறையும் என்றே எழுதிவிட்டார்!

கணக்கு எங்கே சறுக்கிற்று? ஒரே ஜாதியில், ஏன், ஒரே வீட்டில்கூட அண்ணன் மூக்கு ஒரு மாதிரி, தம்பி மூக்கு ஒரு மாதிரி. சராசரி எடுத்தால் இந்த வேறுபாடு மறைந்துபோகும். மூக்கின் அகலத்துக்கும் தட்பவெப்பத்துக்கும் தொடர்புண்டு என்றும் இன்றைய ஆய்வு சொல்கிறது. டாக்டர் அம்பேத்கர், இந்தத் தில்லியில் சட்ட அமைச்சராக இருந்த 1948-இல், தீண்டப்படாதவர் பற்றிய தம் நூலில் மூக்களவுகளையே எடுத்துவைத்து, பிராமணரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம்தான் என்று வாதிட்டார். அவர்கள் கோலாலேயே அவர்கள் கணக்கைத் திருத்தினார்.

இன்றும் நம்மை அளக்கிறார்கள். ஆதாருக்குப் பத்து விரல், இரண்டு கருவிழி, ஒரு முகப்படம். வயதாகித் தேய்ந்த என் கைரேகையை ஒரு கவுண்டரில் மெஷின் ஏற்கவில்லை. மூன்று நாள் அலைந்தேன். ஆனாலும் அது ‘நீ யார்’ என்று கேட்டதே தவிர, ‘நீ எந்த மட்டம்’ என்று கேட்கவில்லை.

பெண் பார்க்கப் போனால் ‘மூக்கும் முழியுமாக இருக்கிறாள்’ என்கிறோம். தாராளமாகச் சொல்லலாம். அந்த மூக்கில் குலம் தேடப் புறப்பட்டால்தான் தர்ஸ்டனின் காலிப்பர் நம் கைக்கு வந்துவிடுகிறது.