மாக்குலா சிதைவுக்கான கூட்டுக் கதிர்வீச்சு சிகிச்சை

முதுமையில் வரும் ஈரவகை மாக்குலா சிதைவுக்குக் கண்ணுக்குள் ஊசி மருந்து செலுத்துவதுடன், ஒருமுறை எக்ஸ் கதிரும் பாய்ச்சுவது கூட்டுக் கதிர்வீச்சு சிகிச்சை ஆகும். ஊசிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே இதன் நோக்கம்.

நோயும் ஊசியும்

விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா, படிப்பதற்கும் முகங்களை அடையாளம் காண்பதற்கும் தேவையான கூர்மையான பார்வையைத் தருகிறது. ஈரவகை நோயில் இதன் அடியில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்து, நீரையும் இரத்தத்தையும் கசியவிடுகின்றன. கவனிக்காமல் விட்டால் தழும்பு உண்டாகி நடுப்பார்வை பறிபோகும். ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் போன்ற மருந்துகள் இக்குழாய்களை வளரத் தூண்டும் புரதத்தைத் தடுக்கின்றன. மருந்தின் வேகம் சில வாரங்களில் குறைந்துவிடுவதால், பலர் ஆண்டுக்கணக்கில் ஊசி போட்டுக்கொள்ள நேர்கிறது.

கதிர்வீச்சு செயல்படும் விதம்

வேகமாகப் பெருகும் செல்களைக் கதிர்வீச்சு எளிதில் தாக்கும். புதிய குழாய்களின் செல்களும், அழற்சி, தழும்பு ஆகியவற்றை உண்டாக்கும் செல்களும் இத்தகையவை. கண் அசையாமல் பிடித்துவைக்கப்பட்டு, மூன்று மெல்லிய எக்ஸ் கதிர்க் கற்றைகள் கண்ணின் வெள்ளைப் பகுதி வழியாக வெவ்வேறு கோணங்களில் செலுத்தப்படுகின்றன. அவை மாக்குலாவில் ஒன்றுசேர்வதால் முழு அளவு அங்கு மட்டுமே கிடைக்கிறது. கண் வில்லையும் பார்வை நரம்பும் பெரும்பாலும் தப்புகின்றன.

ஆய்வுகள்

முன்னர் அறுவை சிகிச்சை மூலம் கண்ணுக்குள் ஸ்ட்ரான்சியம்-90 கருவியை நுழைத்து 24 கிரே கதிர்வீச்சு அளிக்கப்பட்டது. பிரித்தானியாவில் நடந்த மெர்லாட் ஆய்வில் இம்முறை ஊசிகளைக் குறைக்கவில்லை. பார்வையும் ஊசி மட்டும் பெற்றோரைவிட மோசமாக இருந்தது.

வெளியிலிருந்து 16 கிரே எக்ஸ் கதிர் செலுத்தும் முறையை, அதே நாட்டில் 411 பேரிடம் நடந்த ஸ்டார் ஆய்வு சோதித்தது. இதன் முடிவுகள் 2024இல் லான்செட் இதழில் வெளியாயின. 2 ஆண்டுகளில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குச் சராசரியாக 10.7 ஊசிகளும், போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கு 13.3 ஊசிகளும் தேவைப்பட்டன. பார்வைத் திறனில் கதிர்வீச்சுப் பிரிவு பின்தங்கவில்லை.

வரம்புகள்

கதிர்வீச்சு பெற்ற கண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் நுண்ணிய இரத்தக் குழாய் மாற்றங்கள் காணப்பட்டன. மற்ற பிரிவைவிட இது அதிகம். கதிர்வீச்சின் பாதிப்பு தாமதமாகவும் தோன்றக்கூடும் என்பதால் நீண்டகாலக் கண்காணிப்பு அவசியம். இச்சிகிச்சை ஊசிக்கு மாற்று அன்று. இழந்த பார்வையை மீட்டுத் தருவதும் அன்று. புதிய குழாய்கள் வளராத உலர்வகை நோய்க்கு இது பொருந்தாது.