கடற்கரை கொண்டாடிய கதாநாயகன்

எம்.ஜி.ஆரின் சிறந்த படங்கள் எவை என்று கேட்டால், 'நாடோடி மன்னன்', 'எங்க வீட்டுப் பிள்ளை' என்று பட்டியல் நீளும். ஆனால், திருப்பாலைக்குடி போன்ற கடலோர ஊர்களுக்கு நெருக்கமானது 'படகோட்டி'தான்.

1964 தீபாவளிக்கு வெளியான வண்ணப்படம் இது. இயக்கியவர் டி. பிரகாஷ்ராவ். பகைத்து நிற்கும் இரண்டு மீனவக் கூட்டங்கள். அந்தப் பகையில் ஆதாயம் தேடும் பணக்காரராக நம்பியார். மாணிக்கமாக வரும் எம்.ஜி.ஆர்., எதிர்த்தரப்புக் குப்பத்துக்குள் வளையல்காரர் வேடத்தில் நுழைந்து ஆடிப்பாடும் காட்சி இன்றும் அலுக்காது. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் எல்லாப் பாடல்களையும் எழுதியவர் வாலி. மீனவர் வாழ்வின் நிச்சயமின்மையை இவ்வளவு எளிய சொற்களில் சொன்ன திரைப்பாடல்கள் மிகக் குறைவு.

அரசர் வேடமும் வாள்வீச்சுமாகப் புகழ்பெற்றவர், இதில் துடுப்போடு நிற்கிறார்.

அவருடைய மற்ற படங்களுக்கும் தனிப் பெருமை உண்டு. 1958இல் வந்த 'நாடோடி மன்னன்' அவரே தயாரித்து, முதன்முறையாக இயக்கிய படம். அதில் அவருக்கு இரட்டை வேடம். 'ரிக்‌ஷாக்காரன்' சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது.

மீனவர் கதைக்கு அவர் மீண்டும் திரும்பியது, ஸ்ரீதர் இயக்கிய 'மீனவ நண்பன்' படத்தில். அது 1977 ஆகஸ்டில் திரைக்கு வந்தபோது எம்.ஜி.ஆர். தமிழக முதலமைச்சர்.